இருபத்தைந்தாவது கோரை

என் அறையின் மேற்கு ஜன்னலில் ஒரு கோரைத் திரை தொங்குகிறது. மூன்றடி அகலம், ஐந்தடி நீளம். குறுக்காக இருபது கறுப்புக் கோடுகள். பிற்பகல் இரண்டரைக்கு மேல் சூரமங்கலத்து வெயில் அதன் இடுக்குகளில் நுழைந்து தரையில் விழும். நான்கு மணிக்குக் கோடுகளின் நிழல் கட்டில் காலைத் தொடும். ஐந்தே முக்காலுக்கு எதிர்ச்சுவரில் ஏறி, அலமாரிக்கு மேலே போய் மங்கிவிடும். பார்க்கிறவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் மேலே உள்ள இடைவெளியில் சாயம் ஏற்றாத கோரை ஓடுகிறது. மேலிருந்து முதல் பதினோரு இடைவெளிகளில் அந்தக் கோரை இருபத்தைந்து. பன்னிரண்டாவதிலிருந்து இருபத்து நான்கு. கோட்டுக்கு ஆறு கோரை வீதம் இருபது கோடுகளுக்கு நூற்றிருபது. ஆக மொத்தம் அறுநூற்றுப் பதினொன்று. ஏற்காட்டில் ஒரு விடுதியின் ஜன்னலுக்குப் போயிருக்க வேண்டிய திரை இது. தேறாமல் திரும்பி வந்தது. நல்லதாக வேறொன்று மாட்டித் தருகிறேன் என்று மருமகள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டு முறையும் வேண்டாம் என்றுவிட்டேன்.

இதை நெய்தவரை எங்கள் வீட்டில் மோகனூர் அம்மா என்று சொல்வோம். மோகனூரிலிருந்து ஆற்றை ஒட்டி மேற்கே இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளி, வாழைத் தோட்டத்துக்கும் கோரை வயலுக்கும் நடுவே அவருடைய வீடு. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் இரண்டு தறிகள். ஒன்று அவருடையது, மற்றது அவருடைய ஓரகத்தியினுடையது. ஓரகத்தி ஆட்டையாம்பட்டிப் பக்கம் துணித்தறி ஓடும் வீட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், பன்னிரண்டு வயது இளையவர். மோகனூர் அம்மா பிறந்தது கடலையும் சோளமும் விளையும் தோட்டத்து வீட்டில். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த இந்த இருவரும் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே நெய்வார்கள். எனக்கு அவர்களோடு ஏற்பட்ட பழக்கம் மொத்தம் மூன்று ஆண்டுகள், இரண்டு மாதங்கள். செவ்வாயும் வெள்ளியும் என்று கணக்கு வைத்தால் முந்நூறு முறைக்கு மேல் அந்தக் கொட்டகைக்குப் போயிருக்கிறேன்.

நான் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன். மாம்பழக் கூடை, ஜவ்வரிசி மூட்டை, ஜமுக்காளக் கட்டு என்று பகலெல்லாம் எண்ணுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்குப் பொருள் இல்லாமல் போயிற்றே தவிர எண்ணுவது நிற்கவில்லை. எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. நான் ஒரு நாளைக்கு விழுங்கும் மாத்திரை ஆறு. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் காலையில் உட்காரும் காக்கைகள் ஒன்பது. எட்டு வந்தால் அன்று முழுக்க மனது சரியிருக்காது. மனைவி இருந்தவரை இதையெல்லாம் கேட்டுக்கொள்ள ஓர் ஆள் இருந்தது. அவள் போன பிறகு நான் எண்ணுவதை நானே கேட்டுக்கொண்டேன். வீட்டில் எல்லோருக்கும் நான் ஒரு தொந்தரவாகிக்கொண்டிருந்தேன் என்பது தெரிந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் மருமகள், "மாமா, நீங்க சும்மா காக்காயை எண்ணறதுக்குப் பதிலா எனக்குக் கோரையை எண்ணித் தரலாமே" என்றாள்.

அவள் வடக்கே ஓர் ஊரில் வீட்டுப் பொருள்களை வடிவமைக்கும் படிப்புப் படித்தவள். வடிவமைப்பு என்றால் காகிதத்தில் படம் போடுவது என்று நான் நினைத்திருந்தேன். அவள் படம் போடுவதற்கு முன்பு நாற்பது நாள் மோகனூர் அம்மாவின் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து நெய்தாள். கோரையைப் பச்சையாக அறுத்துக் கீறிக் காயவைப்பது, நெய்வதற்கு முன் மறுபடி ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போடுவது, மூங்கில் குச்சியின் நுனியில் சொருகி நூலுக்கு நடுவே தள்ளுவது, அடிப்பது, ஓரத்தை மடக்குவது எல்லாம் கை பழகிய பிறகுதான் பென்சிலை எடுத்தாள். பிளாஸ்டிக் கலக்கக் கூடாது, சாயக் கழிவு ஆற்றில் போகக் கூடாது, நாலு வருடம் கழித்துத் தூக்கி எறிந்தாலும் மண்ணோடு மண்ணாகப் போக வேண்டும் என்பது அவள் வைத்திருந்த நிபந்தனை. அவள் முதலில் வரைந்தது உருண்டையான ஒரு விளக்கு மூடி. மோகனூர் அம்மா காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோரை நேராப் போகச் சொன்னா உங்க பேச்சைக் கேக்கும் சாமி. உருண்டுக்கச் சொன்னா முறிஞ்சுக்கும்" என்றார். மருமகள் விடாமல் பதினொரு மூடிகள் செய்து பார்த்தாள். பதினொன்றும் முறிந்தன. பன்னிரண்டாவது நாள் வெயில் தாங்காமல் மோகனூர் அம்மா ஒரு பழைய பாயை எடுத்துக் கொட்டகையின் வாசலில் தொங்கவிட்டார். அதன் வழியாக விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு மருமகள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாளாம். ஜன்னல் திரை அப்படித்தான் பிறந்தது. யாருடைய யோசனை அது என்று கேட்டால் இவள் அவரைச் சொல்வாள், அவர் இவளைச் சொல்வார். அவர் கடைசிவரை அதைத் திரை என்று சொன்னதில்லை. அவருக்கு அது சன்னல் பாய்.

கறுப்புச் சாயத்துக்கும் ஒரு கதை உண்டு. கடைச் சாயப் பவுடரை மருமகள் ஒழித்துக்கட்டினாள். கடுக்காயை இடித்துப் போட்டு, துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் கோரையை முக்கினால் கறுப்பு ஏறும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரும்புக்கு எங்கே போவது? நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு வெளியே கழித்துப் போட்ட போல்ட்டும் பட்டையும் குவிந்து கிடக்கும். அங்கிருந்து ஒரு சாக்கு நிறைய வந்தது. மோகனூர் அம்மா சாக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இந்தச் சில்லாவுல லாரி ஓட்டாத ஊடே இல்லீங்க. மிச்சமிருந்தது சன்னலுதான், அதுலயும் ஓட்டிப்போட்டீங்க!" சாயம் ஆறு முறை முக்கியும் சாம்பல் நிறத்தில் நின்றது. ஏழாவது முறை, தானாகவே பானையில் ஒரு கைப்பிடிக் கடுக்காய் கூடப் போட்டார். காக்கைச் சிறகு போலக் கறுத்துவிட்டது. அந்தக் கைப்பிடியின் எடையைக் கேட்டு மருமகள் குறிப்பேட்டைத் திறந்தாள். "கையைத்தான் நிறுக்கோணும்" என்றார் அவர்.

என் வேலை எளியது. ஒவ்வொரு திரையிலும் கோடு இருபது, ஆறாறாகக் கட்டிக் கொடுத்த கறுப்புக் கோரையில் கோட்டுக்கு ஒரு கட்டு என்று இருக்கிறதா எனக் குண்டூசியால் தள்ளித் தள்ளி எண்ணிப் பார்த்து, ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, திரையின் மூலையில் கட்டிவிட வேண்டும். காலை ஏழே காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, நாமக்கல்லில் பஸ் மாறி, பத்தேகாலுக்குப் போய்ச் சேருவேன். வழியில் டயர் வெடிக்குமோ, மழை வருமோ, திரும்பி வர பஸ் இருக்குமோ என்று மூன்று கவலைகள் எப்போதும் கூட வரும். நான் படலைத் திறக்கும்போதே மோகனூர் அம்மாவின் குரல் கேட்கும்.

"வாங்க பார்சலய்யா. பஸ்ஸு எத்தனை எடத்துல நின்னுதுங்க?"

"முப்பத்தொண்ணு."

"போன வெள்ளிக்கெழமை முப்பதுன்னு சொன்னீங்க. நடுவால ஒரு ஊரு மொளைச்சிருச்சாட்டம் இருக்குது."

ஓரகத்தி தறியிலிருந்து தலையைத் தூக்காமலே, "அக்கா, அவரை உடுங்க. எண்ணுலைன்னா அவருக்குச் சோறு செமிக்காது" என்பார். என்னை இப்படிக் கேலி செய்ய வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது; பயத்தால் அல்ல, இரக்கத்தால். இவர்களுடைய கேலியில் இரக்கம் இல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

ஏழு வீடுகள் மருமகளுக்காக நெய்தன. ஆறு வீடுகளில் வெறும் பாய். கோடு போட்ட வேலை எண்ணி நெய்ய வேண்டிய வேலை என்பதால் இந்தக் கொட்டகைக்கு மட்டும். அதை மோகனூர் அம்மா கேட்டு வாங்கினார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. கட்டம் போட்ட காகிதத்தை மருமகள் விரித்தபோது, ஓரகத்தியிடம் மட்டும் கொடுக்கலாமா என்ற யோசனை அவள் முகத்தில் ஓடியிருக்கிறது. "எனக்கு எழுதத்தான் தெரியாது அம்மணி. எண்ணத் தெரியாதுன்னு எவ சொன்னா? எங்கப்பன் களத்துல எட்டு வயசுல கடலை அளந்தவ நானு" என்று காகிதத்தைக் கையில் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். கோடு போட்ட வேலையைச் செய்கிறவர் என்பதில் அவருக்கு இருந்த பெருமை, வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களை முதலில் கொட்டகைக்கு அழைத்துப் போவதில் தெரியும்.

ஏற்காட்டு விடுதி வேலை வந்தது மூன்றாவது ஆண்டில். பன்னிரண்டு அகல ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பக்கத்தில் மூன்று திரைகள். ஆக முப்பத்தாறு. மூன்று திரைகளிலும் கோடுகள் ஒரே நேராக ஓடி, ஜன்னல் முழுக்க ஒரே பாய் விரித்தது போலத் தோன்ற வேண்டும் என்பது மருமகள் வரைந்த படம். அதுவரை எல்லாம் ஒற்றை ஒற்றையாகப் போன திரைகள், கோடுகளை எண்ணினால் போதும்; இந்த வேலைக்கு இடைவெளிக் கோரையையும் இருபத்து நான்கா என்று எண்ண வேண்டியிருந்தது.

இனி எழுதப்போவதை இதுவரை ஒருவருக்கும் எழுதிக் காட்டியதில்லை. அந்த ஆண்டு பொங்கலிலிருந்தே என் இடது கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. வலது கண்ணும் களைத்துப் போகும். குண்டூசியை வைத்து எண்ணினால் ஒரு முறை இருபத்தைந்து வரும், மறுமுறை இருபத்து மூன்று வரும், கோரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தனியாக இரண்டு பஸ் மாறிப் போக வேண்டாம் என்பார்கள். அன்போடுதான் சொல்வார்கள். நான் மறுபடி காக்கைகளிடம் திரும்ப வேண்டியிருக்கும். அதனால் எண்ணுவது போலக் குனிந்து ஊசியை ஓட்டிவிட்டு, சீட்டில் இருபத்து நான்கு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இப்படிப் பத்தொன்பது சீட்டுகள்.

இருபதாவது, என் ஜன்னலில் இப்போது தொங்குகிற திரை. ஒரு வெள்ளிக்கிழமை. மார்கழி முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தும் கண் கூசாத, நல்ல வெளிச்சமான காலை. மோகனூர் அம்மா பதினொன்றாவது கோட்டை முடித்துவிட்டு, "சித்தெ இருங்க, மோரு கொண்டாறேன். கத்திரிக்கா நல்லா வந்திருக்குது, சோறு உண்டுட்டுத்தான் போகோணும்" என்று எழுந்து போனார். ஊறிய கோரை காயக் கூடாது என்பதால் அந்த வீட்டில் தறியை வெறுமனே விட மாட்டார்கள். ஒருவர் எழுந்தால் மற்றவர் வந்து உட்கார்ந்துவிடுவது பழக்கம். ஓரகத்தி தன் தறிக்கான கோரையைத் தொட்டியிலிருந்து எடுத்து உதறிக்கொண்டிருந்தார். அந்தச் சில நிமிடங்களில், யாரும் பார்க்காதபோது, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் எண்ணினேன். இருபத்தைந்து. மறுபடி எண்ணினேன். இருபத்தைந்து. மூன்றாம் முறையும் இருபத்தைந்து. கோரைகள் அன்று ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. சீட்டை எடுத்து இருபத்து நான்கு என்று எழுதினேன். இருபத்தைந்து என்று எழுதினால், முந்தைய பத்தொன்பதிலும் என்ன இருந்தது என்ற கேள்வி வரும். பிறகு வந்த பதினாறு சீட்டுகளிலும் அதையே எழுதினேன். மோர் வந்தது. டம்ளரை வாங்கும்போது சீட்டில் கொஞ்சம் சிந்திவிட்டது. அவர் அடுப்படிக்குப் போய்விட, ஓரகத்தி வந்து உட்கார்ந்து மீதி ஒன்பது கோடுகளையும் நெய்து முடித்தார். நான் கத்திரிக்காய்ச் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

ஏற்காட்டில் மாட்டிப் பார்த்த அன்று மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, அழுகைக்கு முந்தைய ஒரு வறட்சி இருந்தது. "மாமா, மேலே ரெண்டு கோடு நேரா இருக்கு. அப்புறம் படிக்கட்டு மாதிரி இறங்கிக்கிட்டே போகுது. ஆறாவது கோட்டுல முழுசா ஒரு கோட்டு அகலம் இறங்கிடுச்சு. அடியில பார்க்கவே முடியல." ஆறு இடைவெளிக்கு ஆறு கோரை, கோட்டின் அகலம் ஆறு கோரை. அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் மனதில் கணக்கைப் போட்டுவிட்டேன். அடியில் வெறுங்கோரையை விட்டு மடித்துக் கட்டுவதால் நீளம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. டேப் வைத்துப் பார்த்த யாருக்கும் பிடிபடவில்லை. விடுதி திறக்கப் பத்து நாள் இருந்தது. "எல்லாத்தையும் வேன்ல மோகனூருக்கே அனுப்பறேன். ஒண்ணு விடாம எண்ணிப் பிரிச்சு வைங்க. மோகனூர் அம்மாவோட தறியாத்தான் இருக்கும் மாமா. அவங்ககிட்ட எண்ணற வேலையைக் குடுத்திருக்கக் கூடாது. பாவம், அவங்க மேல தப்பில்ல. இனிமே வெறும் பாய் மட்டும் குடுத்துடலாம்." நான் சரி என்றேன். அந்த ஒரு சொல்லை எவ்வளவு எளிதாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு உறுத்துகிறது.

மறுநாள் கொட்டகையில் முப்பத்தாறு திரைகளும் சுருட்டிய நிலையில் அடுக்கியிருந்தன. திரைக்கு இருபது இடைவெளி. எழுநூற்றிருபது இடைவெளிகளை எண்ண வேண்டும். முதல் திரையை விரித்து ஊசியை வைத்தேன். ஏழாவது கோரையிலேயே கண் நீர் கட்டிக்கொண்டது. துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். மோகனூர் அம்மா எதிரே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து என் விரலிடுக்கிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டார். "நான் தள்ளறேன். நீங்க எழுதுங்க" என்றார்.

"லாபம்… ஒண்ணு… ரெண்டு… மூணு…" என்று ஊசி நகர்ந்தது. இருபத்து நான்கில் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார், சரிதானே என்பது போல. கண் தெரியாவிட்டாலும் எனக்குக் காது நன்றாகக் கேட்கும். "இன்னொரு தரம் எண்ணுங்கம்மா" என்றேன். எண்ணினார். லாபம், ஒண்ணு, ரெண்டு.

"லாபம்னு ஒரு கோரையைத் தள்றீங்களே, அது கணக்குல வராதா?"

என்னை அவர் பார்த்த பார்வையில், முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயில்வேயில் என்ன செய்தாய் என்ற கேள்வி இருந்தது. "லாபத்தை எண்ணுல சேத்துனா அப்பறம் அது என்னங்க லாபம்? களத்துல மொத வள்ளம் லாபம். அது பாட்டுக்குத் தனியா உழுகும். ரெண்டாவதுல இருந்துதான் ஒண்ணு."

எங்கள் பக்கத்திலும் வள்ளத்தில் தானியம் அளக்கிறவர்கள் ஒன்று என்று தொடங்காமல் லாபம் என்று தொடங்குவதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அடுத்தது இரண்டு என்றுதான் வரும். அவருடைய அப்பாவின் களத்தில் அது எண்ணுக்கு வெளியே நின்றிருக்கிறது. அதற்குள் ஊசி ஓரகத்தி நெய்த திரைக்குப் போயிருந்தது. லாபம், ஒண்ணு, ரெண்டு என்று போய் இருபத்து மூன்றில் தீர்ந்துவிட்டது. மோகனூர் அம்மா பதறிவிட்டார்.

"ஏ புள்ள! இங்க வா. எத்தனை நாளா இப்படிக் கொறைச்சு நெய்யறே?"

"நான் எங்கீங்கக்கா கொறைச்சேன்? நீங்கதான் ஒண்ணு எச்சா ஊட்டி உட்டிருக்கறீங்க. லாபம்னாலே ஒண்ணுதானுங்க எங்கூர்ல."

"உங்கூர்ல நூலு எண்ணறவங்க. நூலுக்கு ஏது லாபம்?"

"கோரைக்கு மட்டும் எங்கீங்க இருக்குது?"

"பதினெட்டு வருசம் பக்கத்துல உக்காந்து எண்ணியிருக்கறே, ஒருநா வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமல்லோ!"

"நீங்க எண்ணறதை யாருங்கக்கா கேட்டா? ரேடியோப் பொட்டியாட்டம் நாள் முழுக்க எதையாவது சொல்லிட்டே இருக்கறீங்க."

அவர்கள் சண்டை ஓய ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்று மாலை வரையும் மறுநாள் பகல் முழுக்கவும் அவர் ஊசியைத் தள்ள, நான் சீட்டின் பின்புறம் எழுதினேன். அவர் இருபத்து நான்கு என்றால் நான் இருபத்தைந்து, அவர் இருபத்து மூன்று என்றால் நான் இருபத்து நான்கு. முடிவில் மூன்று அடுக்குகள் ஆயின. ஓரகத்தியின் கை முழுக்கப் பட்டவை பதினேழு. மோகனூர் அம்மாவின் கை முழுக்கப் பட்டவை பதினைந்து. பாதியில் ஆள் மாறியவை நான்கு. அவருடைய பதினைந்து திரைகளில் முந்நூறு இடைவெளிகள். முந்நூறிலும் இருபத்தைந்து. ஒன்றில்கூட இருபத்து நான்கு இல்லை, இருபத்தாறு இல்லை. பார்சல் அலுவலகத்தில் நானும் என்னோடு இருந்தவர்களும் எண்ணியதில் அப்படி ஒரு சுத்தத்தை நான் கண்டதில்லை.

நான்கில் கடைசித் திரையை விரித்தபோது அதன் சீட்டில் மோர்க் கறை இருந்தது. என் கையெழுத்துக்கு மேலே இருபத்து நான்கு என்ற எண். மோகனூர் அம்மா ஊசியைப் பதினொன்றாவது இடைவெளியில் வைத்தார். "இது நீங்க கத்திரிக்காச் சாம்பாரு உண்டன்னிக்கு நெய்ஞ்சதுங்க" என்றார். பிறகு, "அன்னிக்கு இந்த எடத்தை மூணு தரம் எண்ணுனீங்க. ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு எண்ணுனீங்க. அடுப்படிச் சன்னல்ல பாத்தேன்" என்றார். ஊசியை நகர்த்தத் தொடங்கிவிட்டார். லாபம், ஒண்ணு, ரெண்டு.

மாலை நான்கரைக்கு மருமகள் வந்தாள். அடுக்குகளைப் பார்த்தாள். நான் கணக்கைச் சொன்னேன்: பதினைந்தை அப்படியே ஐந்து ஜன்னல்களுக்கு மாட்டலாம். பதினேழோடு ஒன்று புதிதாக நெய்து சேர்த்தால் ஆறு ஜன்னல். மீதி ஒரு ஜன்னலுக்கு மூன்று. ஆக நான்கு திரைகள் நெய்தால் போதும், மூன்று நாள் வேலை. ஒரே ஜன்னலில் கைகள் கலக்காதவரை கோடுகள் நேராக நிற்கும். அவள் முகத்தில் மூன்று நாளில் முதல் முறையாக இரத்தம் ஓடியது. பிறகு மோகனூர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, இனிமே நீங்க வெறும் பாய் நெய்யுங்க. எண்ணற வேலையெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்றாள். மிருதுவாகத்தான் சொன்னாள். மோகனூர் அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆகட்டுஞ் சாமி. நாந்தான் எச்சா எண்ணிப்போட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருப்பதற்காக அவர் கழுத்து விறைத்திருந்தது எனக்கு அந்தக் கண்ணிலும் தெரிந்தது. அவர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பார்சலய்யா பார்த்தார், பார்த்துவிட்டுத் தவறாக எழுதினார் என்று. சொல்ல மாட்டார் என்பது எனக்கு உறுதியானபோது உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எழுந்து நின்றேன். "அவங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. முந்நூறு இடைவெளியில ஒண்ணுகூடப் பிசகாம எண்ணியிருக்காங்க. உன் கட்டத்துக்கும் அவங்க எண்ணுக்கும் ஒண்ணு வித்தியாசம், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கத்தான் நீ என்னை வெச்சிருந்தே. எனக்குக் கண்ணு தெரியல. தெரியாமலே பத்தொன்பது சீட்டு எழுதினேன். இருபதாவதுல தெரிஞ்சுது. தெரிஞ்சும் மாத்தி எழுதினேன்" என்று மோர்க் கறைச் சீட்டை நீட்டினேன்.

அவள் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எந்தக் கண்ணு மாமா?" என்றாள்.

"இடது."

"எத்தனை நாளா?"

அதற்கு மட்டும் என்னால் எண்ணிக்கை சொல்ல முடியவில்லை. மோகனூர் அம்மாதான் பேசினார். "வையாதீங்க அம்மணி. ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போயி ஒடனே கண்ணைச் சரிபண்ணிக் கூட்டியாங்க. எண்ண ஆளில்லைன்னா இந்தப் புள்ள கோரையைக் கொறைச்சு நெய்ஞ்சு என்னை ஏய்ச்சுப்போடுவா." ஓரகத்தி தறியிலிருந்தே, "ஆமாங்க, கடைசியில தப்பெல்லாம் என்ற தலையில" என்றார். மருமகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, மோகனூர் அம்மாவிடம், "அக்கா, முதல்ல இருந்து எண்ணிக் காட்டுங்க, நான் கேக்கறேன்" என்றாள். அவர் எண்ணினார். அவள் ஒரு மாணவியைப் போலக் கூடவே சொன்னாள்.

திரைகள் விடுதி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்தன. எனக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை ஆயிற்று. இருபத்து மூன்றாம் நாள் மறுபடி பஸ் ஏறினேன், துணைக்கு மகனோடு. கொட்டகையில் மருமகளின் புதிய கட்டக் காகிதம் சுவரில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு இடைவெளிக்கும் முன்னால் ஒரு கட்டம் வெறுமையாக விடப்பட்டு, அதற்குள் சிறியதாக லாபம் என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றிலிருந்து இருபத்து நான்கு. கோடு போட்ட வேலை மோகனூர் அம்மாவிடமே இருந்தது. ஓரகத்தியும் இருபத்தைந்தாக நெய்யப் பழகிக்கொண்டிருந்தார், முணுமுணுத்துக்கொண்டே. அந்தக் காகிதம் இன்றும் அப்படியேதான் போகிறது. இப்போது ஒன்பது வீடுகள் நெய்கின்றன. நான்கு வீடுகளில் கோடு போட்ட வேலை. புதிதாக வருகிறவர்கள் அந்த வெறும் கட்டம் எதற்கு என்று கேட்டால், ஓரகத்தி ஏதோ தன் பிறந்த ஊர் வழக்கம் போல, "லாபத்தை எண்ணுல சேத்துனா அப்பறம் அது என்ன லாபம்?" என்கிறாராம். மருமகள் சொல்லிச் சிரித்தாள்.

மோகனூர் அம்மா அதற்கு அடுத்த ஆண்டு ஐப்பசியில் போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் செய்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய தறியில் பாதி நெய்த திரை இருந்தது. அன்று யாரும் அதில் உட்காரவில்லை. தொட்டியில் ஊறிய கோரையை எடுப்பாரில்லாமல் தண்ணீர் பழுத்திருந்தது.

இப்போது நான் பஸ் ஏறுவதில்லை. முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. கண் மட்டும் நன்றாகத் தெரிகிறது. காலையில் காக்கைகளை எண்ணுகிறேன், இப்போது ஏழு. பிற்பகலில் வெயில் இறங்கியதும் நாற்காலியை ஜன்னலுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, பழைய குண்டூசியை எடுத்துக் கோரைத் திரையின் மேல் ஓரத்தில் வைக்கிறேன். லாபம், ஒண்ணு, ரெண்டு. ஒவ்வொரு இடைவெளியும் சரியாக இருபத்து நான்கில் முடிகிறது. பதினொன்றாவது கோடு வரை அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அங்கே, சித்தெ இருங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார். பன்னிரண்டாவதில் ஊசி இருபத்து மூன்றில் நின்றுவிடும். நான் அதற்குள் போவதில்லை. ஊசியைப் பதினொன்றில் குத்தி வைத்துவிட்டு, மோர் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.